கெனன் 1300டி இலிருந்து எதற்கு மாறுவது? கூத்தும் பறவையும் ஒரே கமராவுக்குள் அடங்குமா?

வாவிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கத்தைச் சேர்ந்தவன். களுவாஞ்சிகுடியில் வேலை பார்க்கிறேன். 2017 இல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கெனன் 1300டி கமராவையும், அதனோடு பெட்டிக்குள் வந்த 18-55 லென்ஸையும்தான் இன்றுவரை பாவித்து வருகிறேன். எனக்கு விருப்பமான விடயங்கள் இரண்டு. ஒன்று, எங்கள் பக்கத்து ஊர்களில் விடிய விடிய ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் படமெடுத்துச் சேர்த்து வைப்பது. மற்றது, விடுமுறை நாட்களில் வாவிக்கரையில் இருந்து பறவைகளை எடுப்பது.

இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை. கூத்து நடக்கும் இடமான களரியில் ஆடுபவர்களின் முகம் கலங்கிப் போகிறது. கரப்புடுப்பு, அதாவது வட்டமாய் விரியும் கூத்துடுப்பு, சுழலும்போது அது வெறும் வெள்ளைப் புகையாகத்தான் விழுகிறது. பறவையோ படத்தின் நடுவில் ஒரு புள்ளியாக நிற்கிறது. கொழும்பில் ஒரு கடையில் விசாரித்தபோது, "இந்தக் கமராவை விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேமுக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். சீட்டு எடுத்த காசு இரண்டு இலட்சம் கையில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. எந்தக் கமராவை வாங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கல்லடிக் காற்று எழுதியது:

கடைக்காரர் சொன்னதில் பிழை இல்லை. 1300டி 2016 இல் வந்த கமரா. படத்தைப் பதியும் அதன் 18 மெகாபிக்சல் சென்சர் அதைவிடவும் பழைய தலைமுறையைச் சேர்ந்தது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 3200 ஐத் தாண்டினால் படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். உங்கள் காசுக்கு ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சர் உள்ள, பாவித்த கெனன் 6டி ஒன்று கிடைக்கக்கூடும். அதன் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர், உங்களுடையது 22.3க்கு 14.9. பரப்பளவில் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதிலும் 6டி யின் நடுப்புள்ளி கெட்டிக்காரத்தனம் உள்ளது. கூத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள முடிந்தால் கண்ணாடியில்லாக் கமரா, அதாவது மிரர்லெஸ் ஒன்றுக்கே போய்விடுங்கள். கெனன், நிக்கோன் இரண்டும் 2018 இல் புதிய மவுண்டுகளை (லென்ஸ் பூட்டும் வளையங்களை) அறிமுகப்படுத்திய பிறகு புதிய லென்ஸ்களெல்லாம் அந்தப் பக்கம்தான் வருகின்றன.

பழைய நெகட்டிவ் எழுதியது:

தம்பி வாவிக்கரை, எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னர், பழுதாய்ப் போன படங்களில் மூன்றை எடுத்து அவற்றின் தரவை இங்கே எழுதுங்கள். ஷட்டர் வேகம், துளையின் அளவு, ஐ.எஸ்.ஓ., எத்தனை மில்லிமீற்றரில் எடுத்தது என்பவை போதும். கணினியில் படத்தின் விபரங்களைத் திறந்தால் அனைத்தும் இருக்கும். நான் நாற்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன். படம் ஏன் கெட்டது என்று நெகட்டிவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் புதுக் கமரா வாங்கச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

வாவிக்கரை எழுதியது:

ஐயா, பார்த்தேன். மூன்றும் சென்ற வருடம் ஒரே இரவில் எடுத்தவை.

முதலாவது: 55 மி.மீ., எஃப் 5.6, 1/15 செக்கன், ஐ.எஸ்.ஓ. 1600. அரசன் வரவு ஆட்டம்; முகமும் உடுப்பும் இழுபட்டுள்ளன. இரண்டாவது: 35 மி.மீ., எஃப் 5, 1/20, ஐ.எஸ்.ஓ. 1600. பின்னால் நின்று மத்தளம் அடிப்பவர் தெளிவாக இருக்கிறார், ஆடுபவர் தெளிவாக இல்லை. மூன்றாவது: 18 மி.மீ., கமராவின் உட்பிளாஷ் எரிந்திருக்கிறது. முன்னால் பாயில் இருந்த பிள்ளைகளின் தலைகள் வெள்ளையாகவும் களரி கறுப்பாகவும் வந்திருக்கின்றன. பிளாஷைக் கண்டு, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் முகத்தைச் சுளித்தார், அது மட்டும் நல்ல தெளிவாக விழுந்திருக்கிறது.

பழைய நெகட்டிவ் எழுதியது:

நோய் விளங்கிவிட்டது. உங்கள் கமராவின் உடம்பில் குறை இருக்கிறது என்று இந்த மூன்று படங்களும் சொல்லவில்லை. லென்ஸின் வாய் சிறியது என்றுதான் சொல்கின்றன.

இரண்டாவது படத்தைப் பாருங்கள். அதே வெளிச்சத்தில், அதே 1/20 செக்கனில், அசையாமல் நின்ற மத்தளக்காரர் தெளிவாக விழுந்திருக்கிறார். ஆகவே உங்கள் கை நடுங்கவில்லை, ஃபோகஸும் பிழைக்கவில்லை. ஆடுகிறவரின் கால் ஒரு தாளத்துக்கும் அடுத்த தாளத்துக்கும் இடையில் ஓடும் தூரத்தை 1/20 செக்கனால் நிறுத்த முடியாது, அவ்வளவுதான் சங்கதி. ஆட்டத்தை நிறுத்த 1/200 ஆவது வேண்டும். நின்று பாட்டுப் படிக்கும் கட்டத்துக்கு 1/100 போதும்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. 55 மி.மீ. இல் உங்கள் லென்ஸ் திறக்கக்கூடிய ஆகக் கூடிய அளவு எஃப் 5.6. எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பூட்டினால், 5.6 ஐ 1.8 ஆல் வகுத்து அதை வர்க்கித்துப் பாருங்கள். ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். 1/15 ஆக இருந்தது அதே ஐ.எஸ்.ஓ. 1600 இல் 1/150 ஐத் தொட்டுவிடும். ஐ.எஸ்.ஓ. வை 3200 க்கு ஏற்றத் துணிந்தால் 1/300. இதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துத் துளையை எஃப் 2.2 க்குச் சுருக்கினால், முகத்தில் ஃபோகஸ் தவறுவதும் குறையும், 1/200 உம் கைக்குள் இருக்கும்.

6டி க்கு மாறினால் என்ன நடக்கும்? பெரிய சென்சரால் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைப் படி இலாபம் (ஒரு படி என்றால் ஒளி இரட்டிப்பு). அதாவது மூன்று மடங்குக்குக் கிட்ட. இரண்டு இலட்சத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து மூன்று மடங்கு வாங்குவதா, அதில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துப் பத்து மடங்கு வாங்குவதா என்பதை நீங்களே யோசியுங்கள்.

சாய்ந்தமருது நானா எழுதியது:

ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பியிடம் உள்ள 18-55 ஈ.எஃப்.-எஸ் வகை, சிறிய சென்சருக்கென்று செய்தது. அது கெனனின் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். (கண்ணாடி உள்ள கமரா) எதிலும் பூட்டாது. 6டி யை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அன்றிரவே அவரிடம் கமரா இருக்கும், லென்ஸ் இருக்காது. கல்லடிக் காற்றுத் தம்பி இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் கலியாண வீடுகள் எடுக்கிறவன். எங்கள் தொழிலில் உடம்பு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறும். நல்ல லென்ஸ் மாறாது. நான் முதன்முதலில் வாங்கிய ஈ.எஃப். லென்ஸ் ஒன்று மூன்று கமராக்களைக் கடந்து, இன்று மிரர்லெஸ் உடம்பில் அடப்டர் ஒன்றின் மூலம் வேலை செய்கிறது. ஃபோகஸ் குறையவில்லை, படமும் குறையவில்லை. தம்பி இன்று 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸை வாங்கினால், நாளைக்கு மிரர்லெஸுக்குப் போனாலும் அந்தக் காசு வீண்போகாது. 18-55 கூட அந்த அடப்டரில் பூட்டும்.

நிக்கோன் வைத்திருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை வாங்கினால், கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்யவேண்டி வரும். ஏ.எஃப்.-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டி7000 வரிசைக்கு இந்தக் கவலை இல்லை.

கல்லடிக் காற்று எழுதியது:

லென்ஸ் பூட்டாது என்பதை மறந்தது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிரர்லெஸ் விடயத்தில் நான் பின்வாங்கவில்லை. அதில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இருக்கிறது. எஃப் 1.8 இல் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. ஒன்பதே புள்ளிகள் உள்ள 1300டி யில், சுழன்று ஆடும் ஒருவரின் முகத்தைத் தொடர்ந்து பிடிப்பது இலகு அல்ல. அது மட்டுமல்ல, கண்ணகி அம்மன் சடங்கு போன்ற இடங்களில் குளிர்த்திப் பாட்டு நடக்கும்போது டக் டக் என்று ஷட்டர் அடித்துக்கொண்டிருப்பது சரியா? மிரர்லெஸில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

ஃபோகஸ் பற்றிச் சொன்னது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. 1300டி யில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தெரிவுசெய்துகொண்டு, ஆட்டக்காரர் களரியைச் சுற்றி உங்கள் பக்கம் திரும்பும் தருணத்துக்குக் காத்திருக்க வேண்டும். வட்டக்களரியில் ஒரு வசதி இருக்கிறது: ஆட்டம் தாளக்கட்டோடு சுற்றி வருவதால், முகம் எப்போது உங்கள் பக்கம் வரும் என்பதை இரண்டு சுற்றுப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம். கூத்தை அறிந்தவனுக்குக் கமராவின் கெட்டித்தனம் அரைவாசி போதும்.

ஆனால் சத்தமில்லாத ஷட்டரைப் பற்றி எச்சரிக்கை தேவை. அது சென்சரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. சாதாரண விலைக் கமராக்களில் அந்த வாசிப்புக்கு நேரம் எடுப்பதால், வேகமாகச் சுழலும் உடுப்பு சாய்ந்து விழும். இன்னொரு தொல்லை வெளிச்சத்தால் வருவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் ரியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். சத்தமில்லாத ஷட்டரில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டிகள் விழும். சாதாரண ஷட்டரிலும், 1/250, 1/320 என்று வேகமாக எடுத்தால் அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மஞ்சளாகி மங்கியும் இருக்கும்.

தம்பி வாவிக்கரை, ஆகையால் நின்று பாடும் கட்டங்களை 1/100 இலேயே எடுங்கள். விளக்கின் ஒரு முழு ஒளிர்வு அதற்குள் அடங்கிவிடும், நிறம் மாறாது. துள்ளும் கட்டங்களுக்கு 1/200 இல் எடுத்து, மங்கியவற்றைக் கழித்துவிடுங்கள். விளக்கு ஒளிரும் தருணத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி கெனனில் முதலில் 2014 இல் 7டி மார்க் 2 உடன் வந்தது. 80டி யிலும் உண்டு, 1300டி யில் இல்லை. உடம்பை மாற்றுவதற்குக் காரணம் தேடுகிறீர்கள் என்றால் இது ஓர் உண்மையான காரணம். மெகாபிக்சல் காரணமே அல்ல.

போரதீவு ரீச்சர் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாடசாலையின் ஒளிவிழா, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றை எடுக்க இப்படி ஒரு கமரா வாங்கும்படி பெற்றார் சங்கத்தில் பேசுகிறார்கள். கைத்தொலைபேசி போதாதா?

சாய்ந்தமருது நானா எழுதியது:

ரீச்சர், பகலில் நடக்கும் விளையாட்டுப் போட்டியை வட்ஸ்அப்பில் போடுவதற்கும் சுவரில் ஒட்டுவதற்கும் நல்ல தொலைபேசி தாராளமாகப் போதும். ஓட்டப் போட்டியின் முடிவுக் கோட்டைத் தூரத்தில் நின்று எடுக்க வேண்டுமென்றால்தான் போதாது. சங்கத்துக் காசில் கமரா வாங்கினால் அது அதிபரின் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். யார் கையாளப் போகிறார் என்று முதலில் ஒருவரைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

குமணக் குருவி எழுதியது:

எல்லோரும் கூத்தைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். தம்பி கேட்ட பறவையை ஒருவரும் தொடவில்லை. நான் திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். குமண, லாகுகல பக்கங்களில் பல வருடங்களாகப் பறவைகளை எடுத்து வருகிறேன். கூத்துக்கு ஐயா சொன்ன மருந்து பறவைக்கு உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறிய நீல மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அலகு முதல் வால் வரை ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அது 20 மீற்றருக்கு அப்பால் ஒரு கண்டல் கொப்பில் இருக்கிறது. உங்கள் 55 மி.மீ. லென்ஸில் அது சென்சரின் மேல் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே விழும். சென்சரின் அகலம் 22.3 மில்லிமீற்றர். புள்ளியாகத் தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 250 மி.மீ. லென்ஸில் இரண்டு மில்லிமீற்றர் சொச்சம் கிடைக்கும். 18 மெகாபிக்சல் படத்தில் அது ஏறக்குறைய 500 பிக்சல் அகலம். தொலைபேசித் திரையில் பார்க்க அது போதும், அச்சிடப் போதாது. 600 மி.மீ. இல் ஐந்து மில்லிமீற்றர், கிட்டத்தட்ட 1200 பிக்சல். அதில் இறகின் வரிகள் தெரியத் தொடங்கும்.

150-600 லென்ஸ்கள் விலை ஏறியவை. இலகுவானதே இரண்டு கிலோவுக்குக் கிட்ட நிறை உள்ளது. சீட்டுக் காசுக்குள் அது வராது, வந்தாலும் கூத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நிக்கோன் பி900 போன்ற நீள்சூம் கமராக்களைப் பலர் சிபாரிசு செய்வார்கள். 2000 மி.மீ. க்குச் சமமான தூரம் எட்டும் என்பது உண்மை. ஆனால் அதன் சென்சர் உங்கள் சென்சரின் பன்னிரண்டில் ஒரு பங்குதான். வெயில் ஏறிய பிறகு வாவியின் நடுவில் கம்பில் இருக்கும் நீர்க்காகத்தை அழகாக எடுக்கும். பறவைகள் உண்மையில் நடமாடும் அதிகாலை ஆறு மணி வெளிச்சத்தில் படம் குழைந்துவிடும். நான் அதை ஒரு வருடம் வைத்திருந்து விற்றுவிட்டேன்.

என் யோசனை இதுதான்: பாவித்த 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸை வாங்குங்கள், மிகுதித் தூரத்தை லென்ஸால் அல்லாமல் பொறுமையால் குறையுங்கள். வாவியில் மீன்பிடிக்கும் தோணிக்குப் பறவைகள் பழகியவை. கரையில் நடந்து வரும் மனிதனைக் கண்டு நாற்பது மீற்றரில் எழும் கொக்கு, மெதுவாக வரும் தோணியைப் பத்து மீற்றர் வரை விடும். தூரம் அரைவாசி ஆனால் உருவம் இரட்டிப்பாகும். அதே 250 மி.மீ. 500 போல ஆகிவிடும். நான் வலை இழுக்கப் போகும் ஒருவருடன் பேசி வைத்துக்கொண்டு, அவர் வலை எடுக்கும் நேரத்தில் தோணியின் முன்பக்கம் குந்தியிருந்து எடுப்பேன். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு தோணி ஆடுவதை முழுமையாகத் தடுக்காது. ஷட்டரை 1/1000 க்குக் கீழே விடாதீர்கள்.

ஐயாவோடு ஓர் இடத்தில் நான் உடன்படவில்லை. பறவைக்கு உடம்பும் முக்கியம். 1300டி செக்கனுக்கு மூன்று படம்தான் எடுக்கும். மீன்கொத்தி பாய்ந்து மீனோடு மீண்டும் கொப்பில் வந்து அமர்வது ஒரு கணம். மூன்று படத்தில் ஒன்றில் அது இருக்கும், ஒன்றில் தண்ணீர் வளையம் மட்டும் இருக்கும். 2022 இல் வந்த கெனன் மிரர்லெஸ் கமராக்களான ஆர்10, ஆர்7 இரண்டும் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கின்றன, செக்கனுக்கு 15 படம் எடுக்கின்றன. நானும் ஆர்7 க்கு மாறிய பிறகே பறப்பவற்றை நம்பி எடுக்கத் தொடங்கினேன். ஆனால் 55 மி.மீ. லென்ஸோடு ஆர்7 ஐ வாங்கினால், பறவை இல்லாத தண்ணீரைத்தான் செக்கனுக்கு 15 தடவை எடுக்கலாம்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

பிள்ளை குமணக் குருவி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் என் வாழ்நாளில் எடுத்த ஒரே பறவை, ஸ்டூடியோவுக்குள் வந்து மாட்டிக்கொண்ட ஒரு புறா.

வாவிக்கரை எழுதியது:

அக்காவின் கணக்கை வாசித்த பிறகுதான் இத்தனை காலமும் எதற்காக எரிச்சல்பட்டேன் என்று விளங்கியது. அப்படியானால் 50 உம் 55-250 உம் பாவித்தவையாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். இணைய விளம்பரங்களில் நிறையக் கிடக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

சாய்ந்தமருது நானா எழுதியது:

இதை நான் நட்டப்பட்டுக் கற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் ஏறியபோது புதிய பொருட்களின் விலை எட்ட முடியாததாகிவிட்டது. 2024 இல் வற் வரி 18 வீதமானது. பாவித்த பொருட்களுக்கு மவுசு கூடியது அப்போதுதான், ஏமாற்றும் கூடியது. அந்தக் காலத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 70-200 லென்ஸ் ஒன்றை, வேறு மாவட்டத்தில் பஸ் நிலையத்தில் வைத்து, மஃரிப் (பொழுது சாயும்) நேரத்தில் காசு கொடுத்து வாங்கி வந்தேன். வெளிப்பக்கம் புதிதுபோல் இருந்தது. வீட்டில் தொலைபேசியின் டோர்ச்சை அடித்துப் பார்த்தால், உள்ளே இரண்டாவது கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம். விற்றவரின் தொலைபேசி அதன் பிறகு வேலை செய்யவில்லை. கழற்றித் துடைத்த பிறகும், எதிர்வெயிலில் எடுத்தால் படம் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடும்.

ஆகவே லென்ஸை எப்போதும் பகலில், கையில் டோர்ச்சோடு பாருங்கள். துளையை முழுதாகத் திறந்த நிலையில் ஒரு பக்கத்தில் இருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து மறுபக்கத்தால் பார்க்க வேண்டும். நாலைந்து தூசித் துணிக்கைகள் இருந்தால் பரவாயில்லை. அவை படத்தில் விழா. நூல்போலக் கிளைவிட்டுப் பரவுவது பூஞ்சணம். கண்ணாடி முழுவதும் மெல்லிய புகை படிந்ததுபோல் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உங்கள் கமராவையே கொண்டுபோய்ப் பூட்டி, கிட்ட உள்ளது ஒன்று, தூர உள்ளது ஒன்று என்று மாறி மாறி ஃபோகஸ் செய்து பாருங்கள். சூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால், அது கடற்கரையில் விழுந்தெழும்பிய லென்ஸ். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சுற்றுலாப் படம் எடுத்தவர்களின் லென்ஸ்களில் இதை அதிகம் காணலாம்.

உடம்பு வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்று பாருங்கள். நிக்கோனில் எடுத்த படத்தின் தரவிலேயே எண்ணிக்கை பதிந்திருக்கும். கெனனில் பெரும்பாலும் அதற்கென்று மென்பொருள் வேண்டும். 80டி க்கு ஒரு இலட்சம், 7டி மார்க் 2 க்கு இரண்டு இலட்சம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கலியாணப் படப்பிடிப்பாளர் ஒருவர் ஒரு பருவத்திலேயே முப்பதாயிரம் அடித்துவிடுவார். ஆகவே என்னைப் போன்றவர்களிடம் உடம்பு வாங்காதீர்கள், லென்ஸ் வாங்குங்கள். எஃப் 16 இல் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சரில் உள்ள கறை தெரியும். பற்றரிக் கூட்டையும், பிளாஷ் பூட்டும் தகட்டையும் பாருங்கள். அங்கே பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் பட்டிருக்கிறது.

வெளியூரில் இருந்து அனுப்பச் சொல்லிக் காசு போடாதீர்கள். உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போய்வரும் செலவு, ஒரு பூஞ்சண லென்ஸின் விலையைவிடக் குறைவு.

கல்லடிக் காற்று எழுதியது:

புதிதாக வாங்குகிறவர்கள், "கடை வரன்டியா, ஏஜென்ட் வரன்டியா" என்று கேட்க மறக்க வேண்டாம். கடை வரன்டி என்றால் அந்தக் கடை இருக்கும் வரைக்கும்தான். மெமரிக் கார்டையும் பற்றரியையும் விலை மலிவென்று தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். 128 ஜீ.பீ. என்று எழுதிய ஒரு கார்ட் எனக்கு உண்மையில் எட்டு ஜீ.பீ. தான் பிடித்தது. முதலில் எடுத்த படங்களெல்லாம் இருந்தன, பிந்தியவை திறக்கவில்லை. தீமிதிப்புக்குப் பாண்டிருப்புக்குப் போய்வந்த அன்றுதான் அது தெரியவந்தது.

பழைய நெகட்டிவ் எழுதியது:

வாங்கிய லென்ஸை எப்படி வைத்திருப்பது என்பதையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. மாரி தொடங்கினால் ஐப்பசி முதல் தை வரை சுவரே வியர்க்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியின்போது நான் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். கூரை போன பிறகு, நனைந்த நெகட்டிவ்களைக் கயிற்றில் காயப்போட்டோம். ஈரம் போனது, ஆனால் இரண்டு மாதத்தில் அவற்றின் மேல் பூஞ்சணம் படர்ந்தது. லென்ஸ் கண்ணாடிக்கும் அதே கதைதான்.

தோல் பையிலும் துணிப் பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால், ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும், சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். மலிவான ஈரமானி ஒன்றையும் உள்ளே வைத்து, 60 வீதத்தைத் தாண்ட விடாமல் பாருங்கள். பலரும் செய்வதுபோல் அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசியின் தவிடு சூம் வளையத்துக்குள் போகும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்த அன்றே, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, பின்னர் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறையாவது எடுத்துப் படம் பிடிப்பது.

வாவிக்கரை எழுதியது:

மூன்று கிழமைகளின் பின்னர் எழுதுகிறேன். நானா தன்னுடைய 50 மி.மீ. லென்ஸைக் களுவாஞ்சிகுடிச் சந்தியில் வைத்து என் கையில் தந்து, "வாங்க முதல் ஒரு கூத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்" என்றார். முன்பின் பழகாத ஒருவருக்கு அப்படித் தந்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

சென்ற சனிக்கிழமை அரங்கேற்றம் ஒன்றுக்குப் போனேன். எஃப் 2.2, ஐ.எஸ்.ஓ. 3200. விடியும் வரைக்கும் அறுநூறு படம் வரையில் எடுத்தேன். அதில் இருநூறைக் கழித்தேன். பாதி ஃபோகஸ் தவறியவை, பாதி ஐயா சொன்ன மஞ்சள் படங்கள். மிகுதியில் நான் இதுவரை எடுக்காத படங்கள் இருக்கின்றன. ஒன்றில் அரசனின் கரப்புடுப்பு முழு வட்டமாய் விரிந்து நிற்கிறது. அதில் தைத்த கண்ணாடித் துண்டுகளில் விளக்கு மின்னுவது தனித்தனியாகத் தெரிகிறது. இன்னொன்றில், அடுத்த தருப் பாட்டைத் தொடங்குவதற்கு வாயைத் திறந்த அண்ணாவியாரின் நெற்றி வியர்வை தெரிகிறது. மணல் தூவியதுபோன்ற இரைச்சல் இருக்கிறதுதான். ஏ4 அளவில் அச்சடித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரைச்சலைப் பார்க்கவில்லை. "இந்த இடத்தில பெடியன்ட கால் பிந்துது" என்று தாளத்தைத்தான் பார்த்தார்.

குறையையும் சொல்ல வேண்டும். 1300டி யில் 50 மி.மீ. என்பது 80 போல ஆகிவிடுகிறது. கிட்ட நின்றால் இருவருக்கு மேல் அடங்கவில்லை. பின்னுக்குப் போனால் பாயில் இருப்பவர்களின் தலை மறைக்கிறது. முழுக் களரியும் அண்ணாவியாரும் பக்கப்பாட்டுக்காரரும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் வழி என்ன?

உடம்பை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. 50 ஐயும் 55-250 ஐயும் வாங்கிய பிறகு, சீட்டுக் காசில் பாதிக்கு மேல் மிஞ்சும். அதை வங்கியில் போட்டுவிட்டு, தோணிக்காரர் ஒருவரைத் தேடப் போகிறேன்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

அந்தக் கரப்புடுப்புப் படத்தை எனக்கும் அனுப்புங்கள். அகலத்துக்கு ஈ.எஃப்.-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். என்று ஒன்று இருக்கிறது, அப்பளம்போல் தட்டையானது. 1.8 ஐவிட ஒளி குறைவு, இரண்டரை மடங்கு மட்டில் குறையும். ஆனால் முழுக் களரியை எடுக்கும்போது ஆட்களின் உருவம் சிறிதாக விழுவதால், அசைவும் சிறிதாகவே விழும். 1/100 போதுமானதாக இருக்கும். விளக்குக்கும் அது பொருந்தும்.

சாய்ந்தமருது நானா எழுதியது:

ஐயா சொன்ன 24 என்னிடமே ஒன்று சும்மா கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கல்முனைக்கு வந்தால், 50 இன் கணக்கையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்திலேயே வாருங்கள் தம்பி, டோர்ச்சையும் கொண்டு வாருங்கள். என்னுடையதென்று பாராமல் உள்ளே அடித்துப் பார்த்துவிட்டுக் காசைத் தாருங்கள்.